கணினி, ஒரு ஜோடி

எஞ்சினியர் நக்லா ஷுக்ரல்லாவுக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் நாற்காலியோரம் இருந்த பையைத் தூக்கிப் பார்த்தார். பாதி உயரத்திலேயே கீழே வைத்துவிட்டார்.

"இதைத் தோள்ல மாட்டிக்கிட்டா ஊர் ஊரா போறீங்க?"

"மாசத்துக்கு எட்டு ஊர், டாக்டர்."

"இனிமே ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாதும்மா. தூக்கினா என்கிட்ட வராதீங்க. நேரா ஆபரேஷன் பண்றவர்கிட்ட போயிடுங்க."

பைக்குள் இருந்தது, சிறுபாலங்கள் மற்றும் மதகுகள் பொது ஆணையம் தன் கள ஆய்வாளர்களுக்கு வழங்கியிருந்த லேப்டாப். எடை நாலேகால் கிலோ. சார்ஜர் தனி, அதை வைத்துச் சுவர் கட்டலாம். பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது. ஆணையத்தில் யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை. அரசாங்கப் பொருள் கனமாகத்தான் இருக்க வேண்டும், கனமான பொருளை யாரும் திருடுவதில்லை என்பது கொள்முதல் பிரிவின் நெடுநாள் கொள்கை.

நக்லா அந்த வாரமே சொந்தமாக ஒரு மெல்லிய லேப்டாப்பும், பேனாவோடு ஒரு டேப்லெட்டும் வாங்கினாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் வக்தி, இரண்டையும் கடைத் தராசில் வைத்து நிறுத்தான்.

"சார்ஜரோட சேர்த்து ஒண்ணே முக்கால் கிலோ. நக்லா, நீ சமைக்கற வாத்து இதைவிட கனம்."

"வாத்துக்கு முதுகு வலிக்காது, வக்தி. எனக்கு வலிக்குது."

"ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?"

"சேத்துல நின்னுக்கிட்டு லேப்டாப்பைத் திறக்க முடியுமா? ஒரு கையில டேப்லெட், ஒரு கையில பேனா. விரிசலைப் படம் எடுத்து அது மேலேயே கோடு போட்டுடுவேன். திரும்பி வரப்ப ரயில்ல லேப்டாப்பைத் திறந்தா, நான் போட்ட கோடெல்லாம் அதுல வந்து நிக்கும். பக்கத்துல டேப்லெட்டை நிறுத்தினா அதுவே ரெண்டாவது திரை. இதுல படம், அதுல அறிக்கை."

"புரியுது," என்றான் வக்தி. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை பார்க்கறாங்க. உங்க ஆபீஸ்ல இதுக்கு முன்னாடி அப்படி நடந்திருக்கா?"

நக்லா சிரித்தாள். அது எவ்வளவு நியாயமான கேள்வி என்பது அடுத்த வாரம்தான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வாரம் எகிப்தின் தெற்கே மின்யா மாவட்டத்தில், மல்லவிக்குத் தெற்கே கஃப்ர் அஸ்ஸித்ர் என்ற ஊரின் கால்வாய்ப் பாலத்தைப் பார்க்கப் போனாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் சாலை. அந்தப் பக்கம் ஊர், பள்ளிக்கூடம், கரும்பு வயல். நடுத்தூணில் ஒரு விரிசல் மேலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் ஓடியிருந்தது. நக்லா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையிறங்கினாள். ஒரு கையால் நாணலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படம் எடுத்துக் கோடு போட்டாள். ஊர்த்தலைவர் உம்தா ஹம்தூன் கரைமேல் நின்று, அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"எஞ்சினியரம்மா, நிக்குமா விழுமா? ஒரு வார்த்தையில சொல்லு. கரும்பு வெட்டு ஆரம்பிக்கப் போகுது. டிராக்டரெல்லாம் இது மேலதான் வரணும்."

"மூணு டன்னுக்கு மேல எதுவும் வரக் கூடாது, உம்தா. ஆளுங்க நடக்கலாம். அடியில இரும்பு முட்டு கொடுத்தாத்தான் மத்ததெல்லாம்."

"எப்போ கொடுப்பீங்க?"

"அறிக்கை இன்னைக்கே போயிடும்."

உம்தா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் ஆணையத்தை முப்பது வருஷமாக அறிந்தவர்.

ஆனால் அறிக்கை அன்றைக்கே போனது. ரயிலில் மடக்குப் பலகையை இறக்கி, லேப்டாப்பைத் திறந்து வைத்து, அதன் தோளில் சாய்த்த மாதிரி டேப்லெட்டை நிறுத்தினாள். பெனி சுவைஃப் வருவதற்குள் கணக்கு முடிந்தது. கீசா வருவதற்குள் அறிக்கை முடிந்து, படங்களோடு கிளம்பிப் போயிற்று. கைப்பையை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு கெய்ரோ நிலையத்தில் இறங்கியபோது, தன் முதுகு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை துறைத் தலைவர் மித்வல்லி பே கூப்பிட்டு அனுப்பினார். பெயரோடு ஒட்டிய 'பே' பெரிய அதிகாரிகளுக்கான மரியாதைப் பட்டம். அவர் மேசையில் நான்கு தொலைபேசிகள் இருந்தன. மூன்றுக்கு இணைப்பு இல்லை. பதவிக்கு இத்தனை என்று விதி. அவளுடைய அறிக்கை அச்செடுக்கப்பட்டு அவர் முன்னால் கிடந்தது. அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"கஃப்ர் அஸ்ஸித்ர் பாலத்து அறிக்கை, பே."

"அது தெரியுது. நேத்துதானே போனீங்க?"

"ஆமா."

"நேத்தே வந்திருக்கு."

"ஆமா, பே. அவசரம். நடுத்தூண்ல..."

"தூணை விடுங்க. ஒரு அறிக்கை ஒன்பது நாள் ஆகும். கையால வரைஞ்சது வரைபடப் பிரிவுக்குப் போய், தட்டச்சுப் பிரிவுக்குப் போய், ஒப்பிடற பிரிவுக்குப் போய் வரணும். பதினாலு பேர் அதுல உழைக்கறாங்க. நீங்க ஒரே ஆள் ரயில்ல உக்காந்து முடிச்சிட்டீங்கன்னா, அந்தப் பதினாலு பேர் என்ன செய்யறாங்கன்னு நாளைக்கு யாராவது கேப்பாங்களா இல்லையா?"

"கேக்கலாம், பே."

"கேக்கக் கூடாதுன்னுதானே ஆணையமே இருக்கு!" சொன்ன பிறகு அவருக்கே வாக்கியம் கொஞ்சம் இடறியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. இந்தச் சிவப்புக் கோடெல்லாம் யார் போட்டது? வரைபடப் பிரிவு தங்களோடது இல்லைங்குது."

நக்லா டேப்லெட்டைப் பற்றிச் சொன்னாள். லேப்டாப்பைப் பற்றியும் சொன்னாள். முதுகைப் பற்றியும் சொன்னாள். மித்வல்லி பேயின் முகத்தில், வெகுநேரம் தேடிய மூக்குக்கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது தெரிந்தவரின் நிம்மதி பரவியது.

"ரெண்டு சாதனம்," என்றார். "அப்படிச் சொல்லுங்க."

ஆணையத்தில் எண்பத்து மூன்றாம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று உண்டு: 'ஒரு ஊழியருக்கு ஒரு சாதனம்.' ஒரே அறையில் இரண்டு பேர் கூட்டல் இயந்திரத்துக்காகச் சண்டை போட்டு, ஒருவருக்குப் பல் விழுந்தபோது எழுதப்பட்டது. அந்த இருவரும் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். கூட்டல் இயந்திரமும் போய்விட்டது. சுற்றறிக்கை மட்டும் ஓய்வு பெறவில்லை.

சாதன விவகாரம் தீரும்வரை அறிக்கை ஏற்கப்படவும் மாட்டாது, நிராகரிக்கப்படவும் மாட்டாது, 'ஓரமாக வைக்கப்படும்' என்று முடிவாயிற்று. ஓரம் என்பது ஜன்னலோரம். அதன்மேல் ஏற்கெனவே ஒரு பூந்தொட்டி இருந்தது.

விவகாரம் வாசலில் இருந்தே தொடங்கியது. காவலர் ஷஹாத்தாவின் பதிவேட்டில் 'உள்ளே கொண்டுசெல்லும் சாதனம்' என்று ஒரே ஒரு கட்டம்தான். லேப்டாப்பை எழுதியதும் கட்டம் நிறைந்துவிட்டது. ஷஹாத்தா இரக்கமுள்ள மனிதர். டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புத் திரையில் அவர் மீசை தெரிந்தது.

"கண்ணாடின்னு எழுதிக்கறேன், எஞ்சினியரம்மா. பொம்பளைங்க கண்ணாடி கொண்டுபோகத் தடையில்லை."

"சரி, எழுதிக்கோங்க. நான் மேல போகணும்."

இது நடந்து ஐந்தாம் நாள் 'சாதனங்களை வரையறுக்கும் குழு' கூடியது. ஆறு பேர். தலைமை மித்வல்லி பே. பொருள் காப்பாளர் மேடம் இஃப்பத், அரசாங்கத்தின் கழுகு முத்திரையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முத்திரை விழாமல் ஆணையத்தில் ஒரு துடைப்பம்கூட அசையாது. சட்ட ஆலோசகர் முதலில் வாசல் பதிவேட்டைத் திறந்தார்.

"அன்னைக்கு எஞ்சினியர் நக்லா ஒரு லேப்டாப்பும் ஒரு கண்ணாடியும் கொண்டுவந்ததா பதிவு இருக்கு. படங்கள் வரையப்பட்டது லேப்டாப்ல இல்லைன்னு அவங்களே சொல்றாங்க. அப்படின்னா பாலத்து விரிசல் கண்ணாடியில வரையப்பட்டிருக்கு. கண்ணாடியில தெரியறது பாலமா, வரைஞ்சவங்களான்னு நாம முதல்ல பார்க்கணும்."

"அது டேப்லெட், சார்," என்றாள் நக்லா.

"பதிவேடு அப்படிச் சொல்லலையே."

"பதிவேட்டைத் திருத்திக்கலாமே?"

ஆறு பேரும் அவளை ஒருமுறை பார்த்தார்கள். சாப்பாட்டு மேசையில் குழந்தை எதையோ உளறிவிட்டால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

மித்வல்லி பே கேட்டார். "அறிக்கை எதுல பிறந்தது? அதைச் சொல்லுங்க."

"படம் டேப்லெட்ல. எழுத்து லேப்டாப்ல. ரெண்டும் சேர்ந்துதான், பே."

"சேர்ந்துன்னா?"

"சேர்ந்துதான். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பாதி வேலைதான் செய்யும். ஒரு ஜோடி மாதிரி வெச்சுக்கோங்க."

சொன்னது வாய்தவறித்தான். ஆனால் மேடம் இஃப்பத் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜோடி! ஜோடின்னா எங்க கையேட்டுல வழியிருக்கு, பே. காவலர்களுக்கு பூட்ஸ் கொடுக்கறோம். ரெண்டு பூட்ஸ்னு எழுதறதில்லை. பூட்ஸ், ஒரு ஜோடின்னு ஒரே வரியில எழுதறோம்."

அறையில் ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. நக்லாவுக்கும் வந்தது. "அதேதான், மேடம்! ஒரே வரி!"

"ஆனா," என்று பேனாவைத் திறந்தார் மேடம் இஃப்பத், "எது இடது, எது வலது?"

நக்லா கண்ணை மூடித் திறந்தாள். பாலத்தின்மேல் கரும்பு டிராக்டர் ஒன்று ஏறுவது மாதிரி தெரிந்தது. "லேப்டாப் இடது. டேப்லெட் வலது."

"அளவு ஒண்ணா இல்லையே?"

"எனக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிசு, மேடம்."

அது குறிப்பில் ஏற்றப்பட்டது. 'கணினி, ஒரு ஜோடி. இடது பெரியது' என்று பதிவாகி, கழுகு முத்திரை விழுந்து, எண் எழுதிய காகிதம் ஒன்று டேப்லெட் திரையின் நட்டநடுவில் பசை போட்டு ஒட்டப்பட்டது. தன் சொந்தப் பொருள் என்று நக்லா முனகிப் பார்த்தாள். அரசாங்கப் பாலத்தைப் பார்த்த பொருள் அரசாங்கத்தின் பார்வையில் இருந்தாக வேண்டும் என்று சட்ட ஆலோசகர் விளக்கினார்.

இத்தோடு முடிந்தது என்று அவள் எழுந்தாள். மித்வல்லி பே கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பூட்ஸ் வேற, இது வேற. இடது தனியா எழுதுது, வலது தனியா வரையுது. ஒரு ஊழியருக்கு ஒரு சாதனம்ங்கற கொள்கையை நான் விட்டுக்கொடுக்க முடியாது. அதனால இடதுக்கு நீங்க பொறுப்பு. வலதுக்கு இன்னொரு ஊழியரைப் போடறேன். அவர் உங்ககூடப் பயணம் வருவார்."

அந்த ஊழியர் ஆவணக் காப்பகத்தின் நசீஃப், எல்லோருக்கும் 'உஸ்தாத்', அதாவது ஐயா. கம்பளிச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். முப்பத்து நாலு வருஷச் சேவை. ஓய்வுக்கு இன்னும் இருபது மாதம். வேலை நிமித்தமாகக் கெய்ரோவைத் தாண்டியதே இல்லை. தாண்டாதவரைக்கும் எந்தப் பயணப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கையெழுத்துப் போடாத கை சுத்தமான கை என்பது அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்த சாரம். டேப்லெட்டைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிடச் சொன்னபோது பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தார்.

"எஞ்சினியரம்மா, இது வெடிக்குமா?"

"வெடிக்காது, உஸ்தாத்."

"கீழே விழுந்தா?"

"உடையும்."

"அப்போ விழாது," என்று சொல்லி, அதைக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

ஒரு பெண் ஊழியரும் ஆண் ஊழியரும் தனியே வெளியூர் போகலாகாது என்று பணியாளர் பிரிவு நினைவூட்டியதால், மேடம் இஃப்பத் சேர்க்கப்பட்டார். ஜோடியை வைக்க மூன்று பூட்டுள்ள இரும்புப் பெட்டி சேர்க்கப்பட்டது. காலிப் பெட்டியே பதினெட்டு கிலோ. பெட்டிக்கு ஒரு காவலர். காவலரைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர். தட்டச்சு, வரைபட, ஒப்பீட்டுப் பிரிவுகள் தங்களை ஒதுக்குவதாக முறையிட்டதால் அங்கிருந்து ஒவ்வொருவர். ஒரு படமெடுப்பவர். சட்ட ஆலோசகர். கடைசியில், இத்தனை பேர் போகும்போது தான் போகாவிட்டால் மரியாதை இல்லை என்று மித்வல்லி பே தாமே சேர்ந்தார். ஆக பதினொரு பேர். ரயிலில் இத்தனை பேருக்கு ஒரே பெட்டியில் இடம் கிடைக்காததால், ஆணையத்தின் ஐம்பது இருக்கைப் பேருந்து ஒதுக்கப்பட்டது. பேருந்தின் நெற்றியில் துணிப் பதாகை கட்டினார்கள்: 'இலகுப் பயணம் – ஆணையத்தின் புதிய பாதை.'

இதற்குள் இருபத்து மூன்று நாள் ஓடிவிட்டது. உம்தா தினமும் கூப்பிட்டார்.

"எஞ்சினியரம்மா, பேரீச்ச மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டேன். கரும்பு முதலாளி ஆளுங்க உருட்டி வாய்க்கால்ல தள்ளிட்டாங்க. 'ஆணையத்துக் கடுதாசி காட்டு'ங்கறான். நேத்து அஞ்சு டிராக்டர் போச்சு. அஞ்சாவது போகறப்ப பாலம் முனகுச்சு, என் காதால கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க அடியில மீன் பிடிக்குதுங்க. கடுதாசி எங்கே?"

கடுதாசி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். முதுகு மறுபடி வலிக்கத் தொடங்கியிருந்தது, எதையும் தூக்காமலேயே.

புறப்படும் காலை, முற்றத்தில் மித்வல்லி பே உரையாற்றினார். உரை ஏழு தாள். அதை அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி, ஒருவர் தட்டச்சிட்டு, ஒருவர் சரிபார்த்திருந்தார்.

"நண்பர்களே! நாம் காகிதமில்லாத யுகத்தில் நுழைந்துவிட்டோம். அதற்கான சான்று என் அலுவலகத்தில் ஏழு பிரதிகளில் உள்ளது. முன்பு ஒரு பாலத்தைப் பார்க்க ஒரே ஒரு எஞ்சினியர் போனார். பாவம், ஒரே ஒருவர்! இன்று அதே பாலத்தைப் பார்க்கப் பதினொரு பேர் போகிறோம். இதுதான் முன்னேற்றம். சிலர் வேகம் வேகம் என்கிறார்கள். வேகமாக வேலை முடிந்தால் நாளைக்கு என்ன செய்வார்கள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. இந்த ஆணையம் நாளையைப் பற்றி யோசிக்கிறது. அதனால்தான் இன்றைய வேலையை நாளைக்கு வைத்திருக்கிறது!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஒப்பீட்டுப் பிரிவுக்காரர் கையிலிருந்த பிரதியோடு ஒப்பிட்டு, ஒரு வார்த்தையும் விடுபடவில்லை என்று தலையசைத்தார்.

பேருந்தில் லேப்டாப் பெட்டிக்குள் போயிற்று. டேப்லெட்டைத் தர நசீஃப் மறுத்துவிட்டார்.

"பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. என் கண்ணால பார்க்க முடியாத பொருளுக்கு நான் பொறுப்பேத்துக்க மாட்டேன், பே."

விதிப்படி அது சரியாக இருந்தது. டேப்லெட் அவர் மடியிலேயே இருந்தது. பெனி சுவைஃபில் எல்லோரும் ஃபூல் என்ற அவரை மசியலும் தஅமிய்யா வடையும் சாப்பிட இறங்கியபோது, அவர் இறங்கவில்லை. நக்லா ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எஞ்சினியரம்மா, ஒண்ணு கேக்கலாமா? இந்தப் பேனாவால தொட்டா என்ன ஆகும்? சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

நக்லா திரைமேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்துப் போட்டாள். நசீஃப் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டார். கோடு வந்தது. அழித்தார். அழிந்தது. மின்யா வருவதற்குள் இரும்புப் பெட்டியையும், அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கிய காவலரையும் மூன்று பூட்டோடு வரைந்திருந்தார். காவலரின் வாய் திறந்திருந்ததுகூடச் சரியாக வந்திருந்தது.

"முப்பத்து நாலு வருஷம் மத்தவங்க வரைஞ்சதை அடுக்கி வெச்சேன்," என்றார்.

பாலத்தை அடைந்தபோது மதியம். அக்கரையில் உம்தாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வாத்தும் அடைத்த கத்தரிக்காயும் சுடச்சுடக் காத்திருந்தன. வாசனை கால்வாயைத் தாண்டி வந்தது. பேருந்து பாலத்தின் நுனிக்கு வந்ததும் நக்லா எழுந்து கத்தினாள்.

"நிறுத்துங்க! இந்த பஸ் பன்னெண்டு டன். பாலம் மூணு டன்தான் தாங்கும்."

மித்வல்லி பே மெதுவாகத் திரும்பினார். "யார் சொன்னது?"

"என் அறிக்கை, பே."

"உங்க அறிக்கை இன்னும் ஏற்கப்படலை. ஏற்கப்படாத அறிக்கையில இருக்கற விரிசல், விரிசல் இல்லை. அது ஒரு அபிப்பிராயம். ஓட்டுப்பா."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். "அபிப்பிராயத்து மேல பஸ் ஓட்ட எனக்கு லைசென்ஸ் இல்லை, பே. வீட்ல நாலு பேர் என்னை நம்பி இருக்காங்க." சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

எல்லோரும் இறங்கினார்கள். நக்லா யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையிறங்கினாள். டேப்லெட் அவளோடு போக வேண்டுமென்றால் நசீஃபும் போக வேண்டும். அவர் பூட்ஸோடு சேற்றில் இறங்கினார். விரிசல் முன்பைவிட அகன்றிருந்தது. நசீஃப் தயங்கித் தயங்கிக் கையை உள்ளே விட்டார். விரல்கள் போயின. உள்ளங்கை போயிற்று. மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. கையை எடுத்து வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இது அடியிலயா பிள்ளைங்க மீன் பிடிக்குதுங்க?"

"ஆமா, உஸ்தாத்."

அவர் படம் எடுத்தார். தயங்காமல் சிவப்புக் கோடு போட்டார். கீழே 'பாலம் மூடப்பட வேண்டும்' என்று எழுதி, அதன் கீழ் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மேலே வந்து அதை நீட்டியபோது மித்வல்லி பேயின் கழுத்து சிவந்தது. "காப்பகத்து ஆள் நீங்க! உங்களுக்கு என்ன தெரியும்? பாருங்க, நானே காட்டறேன்." விறுவிறுவென்று பாலத்தில் நடந்து நடுவில் போய் நின்றார். படமெடுப்பவர் மண்டியிட்டார். "இதுவா விரிசல் விட்ட பாலம்?" என்று கேட்டு, இடது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டியளவு காரைக்கட்டி பெயர்ந்து, சாவதானமாகச் சரிந்து, தொளப்பென்று கால்வாயில் விழுந்தது.

மித்வல்லி பே அடுத்த மிதிக்காகத் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றார்.

"எஞ்சினியரம்மா," என்றார். குரல் மாறியிருந்தது. "நான் இப்போ என்ன செய்யணும்?"

ஒரு ஆள் எடையை, ஏன் இருபது ஆள் எடையைக்கூட, அந்தப் பாலம் தாராளமாகத் தாங்கும் என்று நக்லாவுக்குத் தெரியும். அதை அந்த நிமிஷம் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

"அது விரிசலா, அபிப்பிராயமாங்கறதைப் பொறுத்தது, பே. அபிப்பிராயம்னா நீங்க நடந்தே வந்துடலாம். விரிசல்னா நான் வந்து கூட்டிட்டு வரணும். ஆனா அறிக்கை ஏற்கப்படாம நான் எப்படி..."

"ஏத்துக்கறேன்!"

"எழுத்துல வேணும், பே," என்றார் நசீஃப்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே பாலத்தின்மேல் நடந்துகொண்டிருந்தார், டேப்லெட்டைத் தட்டு மாதிரி இரு கையிலும் ஏந்தி. மித்வல்லி பே ஒற்றைக்காலில் நின்றபடியே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஏற்கப்பட்டது, உடனே மூடுக, முட்டு கொடுக்க. மூன்று இடத்தில் காட்டினார் நசீஃப், மூன்றிலும் போட்டார். படமெடுப்பவர் படமெடுத்தார். அப்புறம் நசீஃப் அவர் முழங்கையைப் பிடித்து, அந்த வயதான மனிதரை அலுங்காமல் கரைக்கு நடத்திக்கொண்டு வந்தார். இறங்கியதும் பே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நக்லாவே தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் கேட்டு வாங்கினார்.

பாலத்தின் இரு முனையிலும் உம்தாவின் ஆட்கள் மரத்தைப் போட்டார்கள். அச்செடுக்க வழியில்லாததால் உம்தா டேப்லெட் திரையைத் தன் போனில் படமெடுத்து, கரும்பு முதலாளிக்கு அனுப்பி, கூடவே தன் பங்குக்கு நாலு வார்த்தையும் பேசி அனுப்பினார். வாத்தைப் பெரிய தாம்பாளங்களில் ஒவ்வொருவராக இக்கரைக்குச் சுமந்து வந்தார்கள். பேருந்தின் நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். மேடம் இஃப்பத் இரண்டு முறை கத்தரிக்காய் கேட்டு வாங்கினார்.

நக்லா திரும்பும்போது பேருந்தில் ஏறவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, மல்லவியில் ரயில் பிடித்தாள். நசீஃபும் வந்தார், வலது அவர் பொறுப்பில் இருந்தது. மடக்குப் பலகையில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, அவர் படங்களை ஒழுங்கு செய்ய, அவள் அறிக்கையைப் புதுப்பித்தாள். பேருந்தில் காலி இரும்புப் பெட்டி, மூன்று பூட்டும் பூட்டி, காவலரோடு கெய்ரோ வந்து சேர்ந்தது. நல்ல நிலையில் வந்ததாக மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதத்துக்குப் பின் ஆணையத்தின் நடைவழியில் பெரிய படம் ஒன்று மாட்டப்பட்டது. பாலத்தின் நடுவில் ஒற்றைக்காலில் நின்று டேப்லெட்டில் கையெழுத்திடும் மித்வல்லி பே. கீழே: 'துறைத் தலைவர் விரிசலைக் கண்டுபிடிக்கிறார்.' இனி எல்லா ஆய்வுக்கும் பதினொரு பேருக்குக் குறையாமல் போக வேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்தது. ஒரே ஆளாகப் போனபோது ஏற்கப்படாத விரிசல், பதினொரு பேர் போனதும் ஏற்கப்பட்டதே, வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நசீஃப் கள ஆய்வுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டார். அதில் தெளிவாகக் கையெழுத்திட்டிருந்தார்.

அந்த வாரமே உம்தா கூப்பிட்டார்.

"எஞ்சினியரம்மா, இரும்பு முட்டு வந்துருச்சு. நாலு தூணு. பாலம் இப்போ சிங்கம் மாதிரி நிக்குது."

நக்லா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு முதுகு எங்கும் இடிக்கவில்லை. "ரொம்ப சந்தோஷம், உம்தா. பிள்ளைங்க நல்லாருக்காங்களா?"

"அதுங்களுக்கு என்ன, மீன்தான் ஓடிப்போச்சுன்னு அழுவுதுங்க. ஆனா ஒரு சந்தேகம். முட்டோட இன்னொரு லாரியும் வந்துச்சு. பளிங்குக் கல்லு. உங்க தலைவர் பேரு, பதினொரு பேர் பேரு, எல்லாம் தங்க எழுத்துல. கிரேன் வெச்சுத்தான் இறக்கினோம். பாலத்து நடுவுல, அவர் நின்ன இடத்துலயே பதிக்கணும்னு உத்தரவாம்."

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"ரெண்டு டிராக்டர் வரும்மா."

நக்லா லேப்டாப்பைத் திறந்து, டேப்லெட்டை எதிரே உட்கார்ந்திருந்த நசீஃபின் பக்கம் நகர்த்தினாள்.

"கல்லைத் தரையிலேயே வெச்சிருங்க, உம்தா. நாங்க வர்றோம்."